இணைப்பு வளையத்தில் அப்பிய குங்குமம்

என் மனைவி செல்வியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம் என்று விழுப்புரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அறுந்த ரத்தக் குழாயை முந்தின நாளே ஆபரேஷன் செய்து சேர்த்திருந்தார்கள். ஆனால் பாதம் சில்லென்று கிடந்தது. மதியம் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் ரத்தம் ஓடாவிட்டால் வேறு வழியில்லை என்றார். அவளுக்கு நாற்பத்தொரு வயது. காலை ஒடித்தது என் டிரெய்லர்.

அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் போகிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு நயமாகச் சொல்ல வராது.

திண்டிவனம் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் நிலம், ஒரு டிராக்டர், ஒரு டிரெய்லர். மற்ற நாளில் மல்லாட்டை மூட்டையும் கரும்பும் ஏற்றுவேன். அமாவாசை வந்தால் எங்கள் தெரு சனங்களை ஏற்றிக்கொண்டு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போவேன். டிரெய்லரில் ஆள் ஏற்றக் கூடாது. எனக்கும் தெரியும். எல்லாரும் ஏற்றுகிறார்கள், நானும் ஏற்றினேன். இதற்கு மேல் சாக்கு எதுவும் இல்லை.

டிரெய்லரின் முன்னால் ஒரு நீட்டுக் கம்பி இருக்கும். அதன் முனையில் ஓர் இரும்பு வளையம். அதில் இரும்புப் பின்னைச் செருகித்தான் டிராக்டரோடு மாட்டுவோம். மொத்த பாரத்தையும் இழுப்பது அந்த வளையம்தான். அதனால் ஒவ்வொரு அமாவாசையும் கோயிலில் கொடுத்த மஞ்சளையும் குங்குமத்தையும் அங்கேதான் அதிகமாக அப்புவேன். கிரீஸும் புழுதியும் சேர்ந்து அது விரல் கனத்துக்கு ஏறிவிட்டது. அதைப் பார்க்க எனக்குப் பெருமை.

செல்வியின் தம்பி காசி திண்டிவனத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். டயருக்குக் காற்றடிக்க நான் அங்கே போனபோது வளையத்தைக் குனிந்து பார்த்தான்.

“மாமா, அரை நாளு உட்டுட்டுப் போங்க. கம்பி பிரஷ் போட்டுத் தேச்சிட்டு உள்ள என்னா இருக்குன்னு பாக்கறேன்.”

ஆத்தா குங்குமத்தையா கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பாய் என்று கேட்டேன். அவன் சிரித்தான். “ஆத்தாவுக்கே தெனம் அபிஷேகம் பண்ணிக் கழுவறாங்க மாமா. உங்க வளையம் அவளுக்கு மேலயா?”

கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு வந்தேன். அப்புறம் அந்தப் பட்டறைப் பக்கமே போகவில்லை. வளையம் விட்டுப்போனாலும் டிரெய்லர் ஓடிவிடாமல் பிடிக்க ஒரு சங்கிலி மாட்டுவார்கள். எனக்கும் இருந்தது. அதைக் கழற்றி மாட்டுக்கொட்டகைக் கதவுக்குப் போட்டிருந்தேன்.

போன வருஷம் ஆடி அமாவாசை. மதியம் மூன்று மணி இருக்கும். செஞ்சி தாண்டி, ஒரு ஏரிக்கரை மேட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். பின்னால் பதினாறு பேர், பாட்டு ஒரு பக்கம், கிண்டல் ஒரு பக்கம். திடீரென்று டட் என்று ஒரு சத்தம். டிராக்டர் பாரமில்லாமல் முன்னால் துள்ளியது. திரும்பிப் பார்த்தேன். டிரெய்லர் தனியாகப் பின்னால் உருண்டுகொண்டிருந்தது. பின்பலகை ஓரமாக உட்கார்ந்திருந்த செல்வி கீழே விழுந்தாள். மதகுக் கல்லுக்கும் பலகைக்கும் நடுவில் அவள் கால். டிரெய்லர் அங்கேதான் நின்றது.

மற்றவர்களுக்குச் சிராய்ப்பு, வீக்கம், அவ்வளவுதான். மதகுக் கல்லில் நிற்காவிட்டால் எல்லாரும் ஏரிக்குள் போயிருப்போம், ஆத்தா காப்பாற்றினாள் என்று ஒருத்தர் சொன்னார். அவரை அடிக்கக் கை ஓங்கினேன். அப்போ என் பெண்டாட்டி மட்டும் ஆத்தாவுக்கு யாரோவா?

மறுநாள் காலை, டாக்டர் மதியம் வரைக்கும் கெடு சொல்லிவிட்டுப் போனதும், ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க நர்ஸ் வந்து செல்வியின் கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். வெளுத்தது. கையை எடுத்தார். வெளுப்பு அப்படியே இருந்தது. சீட்டில் எழுதிவிட்டுப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வந்தார். மறுபடி அதேதான். செல்வி மயக்கத்தில் முனகிக்கொண்டிருந்தாள். நான் வராந்தாவில் போய் உட்கார்ந்து சாமியைத் திட்டினேன். உன்னைப் பார்க்கத்தானேடி வந்தோம் என்றேன். வருஷம் பூரா வந்தோமே, உனக்குக் கண் இல்லையா என்றேன். இனி உன் வாசலை மிதித்தால் நான் மனுஷன் இல்லை என்றும் சொன்னேன். அழக்கூட வரவில்லை. உள்ளே எல்லாம் காய்ந்துபோயிருந்தது.

அப்போது காசி வந்தான். டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் ஊரில் விட்டுவிட்டு நேராக வந்திருந்தான். கையில் சாக்குத் துணி சுற்றிய வளையம். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்திருந்தான். உடைந்த இடத்தைக் காட்டினான்.

“இந்தப் பாதி பளபளன்னு கீது பாருங்க. இது நேத்து உடைஞ்சது. அந்தப் பாதி பூரா துரு. அது பழைய விரிசல் மாமா. எத்தினி மாசமா வாயத் தொறந்துகினு இருந்துதோ.”

அன்றைக்கே சொன்னேனே என்று அவன் குத்திக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். துருவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை மாதமும் அந்த விரிசலை மூடி வைத்தது என் கைதான். ஆத்தா மேல் போட்ட பழியெல்லாம் திரும்பி என் தலையில் விழுந்தது.

அந்தத் தரையிலேயே முட்டி போட்டேன். மொட்டை போடுகிறேன், ஆடு விடுகிறேன் என்று எதுவும் நேரவில்லை. “தப்பு பண்ணது நான். விரிசலை மறைச்சவன் நான். அவ கால எடுக்காத. எடுக்கறதுன்னா என் கால எடுத்துக்கோ.” அவ்வளவுதான் என் வேண்டுதல். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

பதினோரு மணி வாக்கில் உள்ளேயிருந்து செல்வி அலறினாள். கால் எரிகிறது, யாரோ நெருப்பை வைத்துவிட்டார்கள் என்று கத்தினாள். ஓடினேன். முதல் நாளிலிருந்து அந்தப் பாதத்தில் உணர்ச்சியே இல்லை. நர்ஸ் ஓடிவந்து நகத்தை அழுத்தினார். வெளுத்தது. கையை எடுத்தார். மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஓரத்திலிருந்து சிவப்பு ஏறியது. டாக்டர் வந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். ரத்தம் ஓடுகிறது, காலைக் காப்பாற்றிவிடலாம் என்றார்.

கட்டின பெண்டாட்டி வலியில் துடிக்கிறாள், நான் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

டாக்டர் செய்த ஆபரேஷன்தான் வேலை செய்தது என்று சொல்பவர்கள் சொல்லுங்கள். நானும் அந்த டாக்டரைக் கும்பிட்டேன். ஆனால் அவரே கையை விரித்த வேளையில் நான் கேட்டேன். ஆத்தா கொடுத்தாள். எனக்கு இதில் சந்தேகம் இல்லை.

எல்லாம் முழுசாகத் திரும்பவில்லை. இரண்டு விரல்களைப் பிறகு எடுத்தார்கள். செல்வியால் இனி உட்கார்ந்து களையெடுக்க முடியாது. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசினபோது ஒன்றுதான் சொன்னாள். “கால எடுக்கப் பாத்தது நீ. குடுத்தது ஆத்தா. இத மாத்திப் பேசினே, நான் எங்க அம்மா ஊட்டுக்குப் போயிடுவேன்.”

இப்போது காசி செய்து கொடுத்த புது வளையம் மாட்டியிருக்கிறேன். வண்டியை எடுக்குமுன் ஒவ்வொரு தடவையும் துணியால் துடைத்து, குனிந்து பார்க்கிறேன். இரும்புப் பின், அது கழலாமல் இருக்கப் போடும் பூட்டு, சங்கிலி, சக்கரத்து நட்டு எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் சாவியைத் திருகுகிறேன். குங்குமம் பக்கப் பலகையில் ஒரு பொட்டு வைப்பதோடு சரி. ஆளை ஏற்றுவதில்லை. கேட்டு வந்தால் திட்டி அனுப்புகிறேன். கோயிலுக்கு நாங்கள் பஸ்ஸில் போகிறோம். செல்வி கோலை ஊன்றி நடந்து வருகிறாள்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆத்தாவிடம் போங்கள். நல்ல பேச்சு வராவிட்டால் பரவாயில்லை. கோபம் இருந்தால் கோபத்தோடு போங்கள். ஆனால் உங்கள் தப்பை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவள் காது கொடுப்பாள்.