டெலக்ஸ் நாற்காலி

செம்பட்டி போகிற சாலையில் இருந்த நூல் கம்பெனி ஆபீசில் நான் டைப்பிஸ்ட். டைப்ரைட்டிங் ஹயரில் முதல் வகுப்பு. டெலக்ஸ் மெஷின் வரப்போகிறது, இங்கே தட்டினால் பம்பாயில் அச்சாகும் என்று முதலாளி சொன்ன அன்றே, அந்த நாற்காலி எனக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அதற்கென்று கண்ணாடித் தடுப்பு வைத்து ஓர் அறை, தனி மின்விசிறி. ஆனால் பயிற்சிக்காக மதுரைக்கு அனுப்பப்பட்டவள், எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த சின்னாளபட்டிக்காரி. லோயர் மட்டும் பாஸானவள். எனக்கு வயிறு எரிந்தது. அதை நாசூக்காகச் சொல்லத் தெரியவில்லை.

முதல் செய்தி அனுப்ப நல்ல நேரம் பார்த்தார்கள். செய்தியை முன்கூட்டியே காகித நாடாவில் ஓட்டைகளாகக் குத்தி வைத்திருந்தாள். நாடாவை மெஷினில் கொடுத்தால் அதுவே படித்து அனுப்பிவிடும். முதலாளியோ புதுக் காகிதம் எதைக் கண்டாலும் மஞ்சள் தடவாமல் விடமாட்டார். குழைத்த மஞ்சளை நாடாவின் முன்பக்கத்தில் தாராளமாக அப்பினார். ஓட்டைகள் அடைத்துக்கொண்டன. பம்பாய் லைன் கிடைத்ததும் மெஷின் என்னென்னவோ எழுத்துகளைக் கக்கிவிட்டு நின்றது.

"இதுக்குத்தான் மதுரைக்குப் போனியாக்கும்?" என்று முதலாளி அவளைக் கடிந்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அவள் பதறவில்லை. "செத்த நேரம் இருங்கய்யா. மஞ்ச வச்சது சாமிகிட்ட இருக்கட்டும். வேற நாடா குத்திட்டு வாரேன்" என்றாள்.

இரண்டாவது நாடா ஓடி முடிந்ததும், கிடைத்ததற்கு அடையாளமாகப் பம்பாய்க் கம்பெனியின் பெயர் தானாக அச்சாகி வந்தது. முதல் லட்டு அவளுக்கு.

"நீயும் கத்துக்கம்மா, இவ லீவு போட்டா ஆள் வேணும்ல" என்றார் முதலாளி என்னிடம். மறுநாள் அவள் நாற்காலியில் பாதியை விட்டு ஒதுங்கி, "உக்காருங்கக்கா" என்றாள். திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் மனசுக்குள் திட்டியாவது ஆறியிருப்பேன்.

கல்யாணமாகி நெய்க்காரப்பட்டிக்குப் போகும்வரை அவள் லீவே போடவில்லை. பிறகு நாற்காலி எனக்கு வந்தது. அதே வாரம் முதலாளி அறையில் ஃபேக்ஸ் மெஷின் வந்து இறங்கியது. கையால் எழுதியதை அப்படியே அனுப்புமாம், டைப்பே தெரிய வேண்டாமாம். அதன் முன்னால் போய் உட்கார்ந்தவள் போன மாதம் சேர்ந்த ஒருத்தி.

அதற்கும் மஞ்சள் கேட்டார் முதலாளி. கிண்ணம் நிறையக் குழைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.