பதினொன்று இருபதுக்குத் தூங்கியவர்

போன மாதம் ஒரு புதன்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு, காத்திவாக்கம் கடற்கரையில் ஒரு மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் அப்படியே எழுதிக்கொண்டேன்: 'பயனாளி உறங்குகிறார். வலை மணலில் கிடக்கிறது.'

இரண்டு வாக்கியங்கள். இரண்டும் நூற்றுக்கு நூறு உண்மை. அதனால் வந்த வினை இருக்கிறதே...

எனக்கு டைரி எழுதும் பழக்கம் உண்டு. காபி குடித்த நேரத்தைக்கூடக் குறித்து வைக்கிறவன். ஆபீசில் இதைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. ஆனால், வறுமை ஒழிப்புத் திட்டம் ஒன்றை மதிப்பீடு செய்ய ஆள் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்ததும் எல்லோரும் ஒரே குரலில் என் பெயரைச் சொன்னார்கள். வெயிலில் அலைகிற வேலைக்கு எப்போதும் திறமைசாலியைத்தானே தேடுவார்கள்?

திட்டம் நல்ல திட்டம். சொந்த வலை இல்லாத மீனவர்களுக்கு இலவசமாக நைலான் வலை. கொடுத்து ஒரு வருஷம் ஆயிற்று. பயன்பட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு படிவம். பதினான்கு கேள்விகள். ஒன்பதாவது — 'பார்வையிடும் சமயம் பயனாளி தொழிலில் ஈடுபட்டிருந்தாரா?' பத்தாவது — 'வலை உபயோகத்தில் இருந்ததா?' இந்த இரண்டுக்கும் 'இல்லை' விழுந்தால், வலையைத் திரும்ப வாங்கி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம்.

என் வீடு திருவொற்றியூரில். ஆபீஸ் தெற்கே, ராயபுரத்தில். காத்திவாக்கமோ வடக்கே. ஆனால் டியூட்டி என்றால் பத்து மணிக்கு ஆபீசில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஆகவே வீட்டிலிருந்து தெற்கே போய்க் கையெழுத்துப் போட்டு, மறுபடி வடக்கே பஸ் ஏறி, என் வீட்டுத் தெருவையே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, காத்திவாக்கம் போய் இறங்கினேன். மணி பதினொன்று இருபது. படிவத்தில் நேரம் எழுதக் கட்டம் இல்லை. நானே ஓரத்தில் எழுதினேன். பழக்கம்!

ஏழு பயனாளிகள். ஏழு பேரும் தூக்கம். முதல் பெயர் தேசப்பன். சாய்த்து வைத்த கட்டுமரத்தின் நிழலில், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அரசாங்க வலை விரிந்து கிடந்தது. தூங்குகிறவரை எழுப்புவது மரியாதை இல்லை என்று, சத்தம் போடாமல் பேனாவைத் திறந்து இரண்டு 'இல்லை' போட்டேன். ஏழு படிவம், பதினான்கு 'இல்லை'. அடித்தல் திருத்தல் கிடையாது.

எங்கள் சூப்பரின்டெண்ட் வாங்கிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து முத்து முத்தா இருக்குய்யா" என்றார்.

உள்ளுக்குள் எனக்கும் ஒரு நினைப்பு. பட்டப்பகலில் இப்படித் தூங்கினால், அரசாங்கம் கொடுத்து என்ன பிரயோஜனம்?

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டரை. சாப்பிட்டுவிட்டு சாய்வு நாற்காலியில் கண் அயர்ந்திருந்தேன். வாசலில் பேச்சுக் குரல். என் மனைவியும், எங்கள் தெருவில் மீன் விற்கும் கன்னியம்மாவும். பல வருஷமாக வருகிறாளாம். நான் பார்த்ததே இல்லை. மற்ற நாட்களில் அவள் வருகிற நேரத்தில் நான் ஆபீசில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கிக்கொண்டிருப்பேன்.

"இன்னாத்த சொல்றது யக்கா! வலைய திருப்பிக் குடுன்னு நேத்து மீனவர் சொசைட்டி கதவுல நோட்டீஸ் ஒட்டிக்கினு போய்ட்டான். வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ளாற குடுக்கணுமாம்."

புதன்கிழமை பார்த்தது, சனிக்கிழமை நோட்டீஸ்! அரசாங்கம் இவ்வளவு வேகமாக வேலை செய்து நான் கேள்விப்பட்டதில்லை.

"ஏன்? உன் வீட்டுக்காரர் என்ன தப்புப் பண்ணினாராம்?"

"தூங்குனாராம்! ராத்திரி ரெண்டு மணிக்கு கட்டுமரத்தத் தள்ளிக்கினு கடலுக்குப் போய், ஏழு மணிக்குக் கரைக்கு வந்த ஆளு, பதினோரு மணிக்கு தூங்காம டான்ஸா ஆடுவாரு? அதான யக்கா எங்காளுக்கு ராத்திரி!"

"யார் அப்படி எழுதினது?"

"எவனோ ஒரு ஆபீசரு. நான் கூடைய தூக்கினு இங்க வந்துட்டேன், பாக்கல. பக்கத்து வூட்டுக்காரி சொன்னா. கண்ணாடி போட்டுகினு, கறுப்புக் கொடைய இடுக்கிகினு வந்தானாம். வாட்ச்ச பாக்கறானாம், எழுதறானாம். வாட்ச்ச பாக்கறானாம், எழுதறானாம்!"

வாசலில் சட்டென்று பேச்சு நின்றது. மூலையில் மாட்டியிருந்த குடையை என் மனைவி பார்த்திருக்க வேண்டும்.

"நேரம் பார்த்தா எழுதினார்?" என்றாள். கொஞ்சம் உரக்கவே.

இதற்கு மேல் தூங்குவதுபோல் நடிக்க முடியுமா? எழுந்து போனேன். கன்னியம்மா என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தாள். குடையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அடப்பாவி நைனா... நீயா அது?"

"படிவத்துல கேட்டதைத்தான் எழுதினேன்மா..."

"இப்ப இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"இன்னிக்கு லீவு. கொஞ்சம் கண்ணசந்தேன்."

"மணி இன்னா யக்கா? ரெண்டரையா? எழுதிக்கோ. ஆபீசரு தூங்கினு கீறாரு. அந்த நாற்காலிய புடுங்கி வேற யாருக்காச்சும் குடுத்துடு!"

என் மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே... கல்யாணமான நாளிலிருந்து அப்படிச் சிரித்ததாக என் டைரியில் குறிப்பு இல்லை.

நானும் விடவில்லை. "சரி, வலை ஏன் மணல்ல கிடந்துது?"

"நண்டு கடிச்ச ஓட்டைய கடலுக்குள்ளாற குந்திக்கினா தைப்பாங்க?"

கன்னியம்மா கேலியை நிறுத்திவிட்டாள். காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்:

"கேளு நைனா. புடிச்ச மீன பங்கு போட்டா ஆளுக்கு ஒரு பங்கு, மரத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. வலைக்குன்னா வலைக்குச் சொந்தக்காரனுக்கு. இத்தினி வருசம் அந்தப் பங்கு எவன் வூட்டுக்கோ போச்சு. இந்த ஒரு வருசமாத்தான் எங்க வூட்டுக்கு வருது. அதுலதான் எம் பொண்ணு இஸ்கூலுக்குப் போவுது. வெள்ளிக்கெழமை வலை போச்சுன்னா, திங்கக்கெழமை அதுவும் என்கூட கூடை தூக்கும்."

பதினான்கு கேள்விகளையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். வலைப் பங்கு யார் வீட்டுக்குப் போகிறது என்று ஒரு கேள்விகூட இல்லை.

திங்கட்கிழமை பத்து ஐந்துக்கு சூப்பரின்டெண்ட் முன்னால் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த ஆள் தூங்கினாரா, இல்லையா?"

"தூங்கினார் சார்."

"அப்புறம் என்னய்யா? எழுதினது எழுதினதுதான். வேணும்னா மறுபடி பார்த்துட்டு வியாழக்கிழமைக்குள்ள புதுப் படிவம் குடு."

"விடியக்காலையில போகணும் சார்."

"தாராளமா போ. பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுட்டு விடியக்காலையில போ" என்றார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. "லீவு போட்டுக்கோய்யா" என்று ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ். ஐந்து ஐம்பதுக்குக் காத்திவாக்கம் கடற்கரை. மணலில் ஓர் ஆண்பிள்ளை இல்லை. கூடைகளோடு பெண்கள் மட்டும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"வந்துட்டியா நைனா! கண்ணு தொறந்துதான் கீதா?" கன்னியம்மா கத்தினாள். "நீஞ்சிப் போய் எழுதறியா, இல்ல கரையிலயே குந்திக்கறியா?"

அத்தனை பெண்களும் சிரித்தார்கள். நான் கரையிலேயே குந்திக்கொண்டேன்.

ஆறு நாற்பதுக்கு கன்னியம்மாவின் வீட்டுக்காரர் தேசப்பனின் மரம் வந்தது. துண்டு இல்லாமல் அவர் முகத்தை அப்போதுதான் பார்க்கிறேன். கண் இரண்டும் உப்பில் சிவந்திருந்தன. வலையை உதறினார்கள். காரப்பொடி மீன் வெள்ளி வெள்ளியாய்க் கொட்டியது. மணலிலேயே பங்கு. ஆளுக்கு ஒரு குவியல், மரத்துக்கு ஒரு குவியல். கடைசிக் குவியலைக் காட்டி ஒருவர், "வலைக்கு" என்றார். கன்னியம்மா கூடையை நீட்டினாள்.

அந்த ஒரு கூடைதான் நான் மதிப்பீடு செய்ய வந்த மொத்தத் திட்டமும். அரசாங்கம் செய்த காரியம் சரியான கைக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு பெண்ணைப் பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டுபோயிருந்தது. அதைத் தோற்கடிக்க இருந்தது ஊழலும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. முத்து முத்தான ஒரு கையெழுத்து! நமக்குச் சௌகரியமான நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு, ஏழைகள் உழைப்பதில்லை என்று எத்தனை பேர் எத்தனை படிவங்களில் எழுதி வைத்திருக்கிறோமோ...

தேசப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நீங்கதானா சார் அன்னிக்கு வந்தது?"

"நான்தான்."

"எழுப்பி இருக்கலாமே சார்" என்றார். அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. கன்னியம்மா திட்டியதைவிட இதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

ஏழு மரமும் வந்து சேரும்வரை இருந்து, ஏழு புதுப் படிவங்கள் எழுதினேன். பதினான்கு 'ஆம்'. புதன்கிழமை சூப்பரின்டெண்ட் ஒவ்வொன்றாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை சொசைட்டி கதவிலிருந்து நோட்டீஸ் கிழிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை வலை வழக்கம்போல் கடலுக்குப் போனது.

தேசப்பனின் படிவத்தில் மட்டும், ஓரத்தில் நான் எழுதியிருந்ததைப் பார்த்து சூப்பரின்டெண்ட் பேனாவை நிறுத்தினார். "இது எதுக்குய்யா?" என்றார். ஆனால் அடிக்கவில்லை.

எழுதியிருந்தது இதுதான்: 'நேரம் காலை 6.40. பயனாளி பணியில் இருந்தார். மதிப்பீட்டாளர்தான் விடுப்பில் இருந்தார்.'