பிள்ளையார்பாளையத்தில் ஒரு பேசும் பெட்டியும் முப்பத்தோரு இழைகளும்

எனக்குப் பார்வை இல்லை. எட்டு வருடங்களுக்கு முன்னால் கண் நீர் அழுத்த நோயில் போனது. போனதிலிருந்து தம்பி சேகர் கையைப் பிடிக்காமல் திருச்சியை விட்டு நான் எங்கும் போனதில்லை. நல்லவன்தான். ஆனால் அவனோடு கோயிலுக்குப் போனால் சாமி கும்பிட்டு முடிப்பதற்குள் செருப்பைக் கையில் கொடுத்துவிடுவான். இந்தத் தை மாதக் கடைசியில், நாற்பத்தாறு வயதில், ஒரு தடவையாவது தனியாகப் போய் நான்கு நாள் தங்கி வருகிறேன் என்று அடம்பிடித்தேன். ஒரு நிபந்தனையோடு சம்மதித்தான். "ஏதாவது ஒண்ணு ஆச்சு, அதோட சரி. அப்புறம் தனியா போறேன்னு நீ வாயே திறக்கக் கூடாது" என்றான். நானும் சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

காஞ்சிபுரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கோயில் இல்லை, ஒரு வீடு. பிள்ளையார்பாளையத்தில் கோமதி என்பவர் தன் வீட்டு மாடியை விருந்தினர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். அறையில் கேட்டால் பதில் சொல்லும் ஸ்பீக்கர் ஒன்று உண்டு என்று விளம்பரத்தில் படித்தேன். (எனக்குப் படிப்பது கைபேசிதான், நான் கேட்டுக்கொள்வேன்.) உடனே போன் செய்தேன். கோமதியும் அவர் கணவரும் கீழே தறி நெய்கிறார்கள். ஸ்பீக்கர் வைத்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். "தறில உக்காந்தா நடுவுல எழுந்துக்க முடியாதுக்கா. மேலேருந்து வைஃபை பாஸ்வேர்டு இன்னா, கீசர் எங்க இருக்குதுன்னு கூப்டுக்கினே இருப்பாங்க. ஒரு நாளைக்கு இருபது வாட்டி. அதான் இத வாங்கி, எல்லாக் கேள்விக்கும் பதில எழுதி வெச்சுட்டேன்."

கண் தெரியாதவர் யாரும் அதுவரை அங்கே தங்கியதில்லையாம். நான் வருகிறேன் என்றதும், என்னென்ன கேட்பீர்கள் என்று அன்று ஒரு மணி நேரம் விசாரித்தார். கட்டிலிலிருந்து குளியலறை எத்தனை எட்டு, ஜன்னல் எந்தப் பக்கம், டீக்கடைக்கு எப்படிப் போவது என்று முப்பதுக்கு மேல் கேள்விகள் தேறின. ஸ்பீக்கருக்கான கைபேசிச் செயலியில் கேள்வியையும் அதற்கான பதிலையும் நாமே தட்டச்சு செய்து வைக்கலாம். தறியிலிருந்து எழும்போதெல்லாம் ஒன்றிரண்டாக எழுதி முடித்திருக்கிறார்.

பயண விவரம். திருச்சியில் காலை ஏழு மணிக்குச் சற்று முன்னால் ரயில் ஏறினேன். பதினொன்றேகாலுக்குச் செங்கல்பட்டு. அங்கிருந்து காஞ்சிபுரம் சுமார் நாற்பது கிலோமீட்டர், பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். பக்கத்து இருக்கைக்காரர் இறங்கும் வரை தன் மருமகளைப் பற்றிச் சொன்னார், நேரம் போனதே தெரியவில்லை. பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். அறை வாடகை காலை இட்லியோடு சேர்த்து நாளுக்கு ஆயிரத்து நானூறு.

அறைக்குள் நுழைந்ததும் சுவரைத் தடவிப் பார்த்தேன். கீசர் சுவிட்சில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு, மின்விசிறி சுவிட்சில் இரண்டு, ஸ்பீக்கரின் மைக்கை நிறுத்தும் பொத்தானில் ஒரு கல் பொட்டு. தடவினால் தெரிய வேண்டும் என்று ஒட்டியிருக்கிறார். "நீங்க தனியா பேசிக்கினு இருக்கச்ச அது கேட்டுக்கினு இருக்கக் கூடாதுல்ல? அந்தக் கல்லு பொட்ட அமுக்குங்க, காது அடைச்சுக்கும்" என்றார். தம்பியோடு பெரிய ஓட்டல்களில் தங்கியிருக்கிறேன். அங்கே துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைப்பார்கள், எனக்கு அது வெறும் துண்டு. இந்த வீட்டில்தான் எனக்காக யோசித்திருந்தார்கள்.

அன்று மாலை டீக்கடைக்கு இரண்டு தடவை தனியாகப் போய் வந்தேன். ஸ்பீக்கர் சொன்னபடியே: வாசலில் மூன்று படி இறங்கி, இடது பக்கம் திரும்பி, நாற்பது எட்டு. "நடுத்தெருவுலயே நடங்கக்கா, ஓரத்துல வண்டிங்க நிக்கும்" என்றும் எழுதி வைத்திருந்தார். இரண்டு தடவையும் துல்லியமாகப் போய்ச் சேர்ந்தேன். எட்டு வருடத்தில் நான் தனியாகப் போய்க் காசு கொடுத்துக் குடித்த முதல் டீ. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் அழுதேன்.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு அதே வழியில், நடுத்தெருவில், கொஞ்சம் மிதப்பாகவே நடந்தேன். பதினைந்தாவது எட்டில் வயிற்றில் ஏதோ மெத்தென்று தடுத்தது. என் வெள்ளைக்கோல் தரையைத்தான் தடவும், இடுப்பு உயரத்தில் இருப்பது அதற்குத் தெரியாது. பதறிப் பின்வாங்கினேன். கைப்பையின் கொக்கி எதிலோ மாட்டி, பட் பட்டென்று ஏதோ அறுந்தது.

"ஐயையோ! நில்லும்மா! ஆடாத, அப்படியே நில்லு!"

எதிர் வீட்டு நெசவாளர் தணிகாசலம் அண்ணனின் குரல் அது. தெருவில் அவர் பாவு போட்டிருந்தார். மூன்று புடவைக்கு வேண்டிய பட்டு நூலை ஒரே நீளமாக, சுமார் இருபது மீட்டருக்கு, தெருவில் நட்ட மரக் கால்களின் மேல் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்பது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை, அதனால் விடியும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். நான் அதன் குறுக்கே நின்றிருந்தேன், கொக்கியில் பட்டு நூலோடு.

அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொள்ள, அவர் ஒவ்வோர் இழையாகக் கொக்கியிலிருந்து விடுவித்தார். முப்பத்தோரு இழைகள் அறுந்திருந்தன. கோமதி ஓடி வந்து, என்னைவிட அதிகமாக அழுதார். "எல்லாத்தையும் எழுதினேனே, இத எழுதாம வுட்டேனேக்கா!"

தணிகாசலம் அண்ணன்தான் சமாதானம் சொன்னார். "வுடும்மா. நம்ம தெருவுல பாவு போட்டா நாயி கூட ஓரமா போவும். பொறந்ததுலேர்ந்து அப்படித்தான். இத ஒருத்தருக்குச் சொல்லணும்னு யாருக்குத் தோணும்?"

நான் உதவட்டுமா, விரலால் தடவி அறுந்த இழையைக் கண்டுபிடிக்கிறேன் என்றேன். கண் தெரியாதவர்களுக்கு விரலில் கண் இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்களே, நானே அதை நம்பிவிட்டேன் போலிருக்கிறது. அவர் சிரித்துவிட்டார். "கண்ணு இருக்கிறவனுக்கே தெரியாது, இதுல நீ வேற! நீ டீ குடிக்கத்தான வந்த? மொதல்ல போயி அதக் குடி."

நான்கு வீட்டு ஆட்கள் வந்து இரண்டு பக்கமும் நின்றார்கள். விரலில் சாம்பல் தொட்டு, அறுந்த முனைகளை முறுக்கிச் சேர்த்தார்கள். நாற்பது நிமிடம் ஆனது. ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் வாயிலிருந்து ஒரு திட்டு வந்திருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும். அந்தத் தெருவுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன் என்று இன்றும் தெரியவில்லை.

எட்டு மணிக்குத் தம்பி போன் செய்தான். மறைத்திருக்கலாம். மறைத்து வாங்கும் சுதந்திரம் எனக்கு வேண்டாம் என்று பட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டான். பிறகு, "பையை எடுத்து வை. நான் வரேன்" என்றான். மாலை ஐந்தரைக்கு வந்தும்விட்டான். இருட்டப் போகிறது, காலையில் கிளம்புவோம் என்று அவனும் அங்கேயே தங்கினான்.

நடுவில் கிடைத்த பகலை நான் வீணாக்கவில்லை. கோமதியோடு கைலாசநாதர் கோயிலுக்கு நடந்தேன், முக்கால் கிலோமீட்டர்தான். பன்னிரண்டு மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். கருவறையைச் சுற்றிவரத் தவழ்ந்து நுழைய வேண்டிய ஒரு குறுகிய வழி உண்டு. உள்ளே இருட்டு. கோமதி தடுமாறினார், நான் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். திரும்பி வந்ததும் வீட்டிலிருந்து டீக்கடை வரை மறுபடி நடந்தோம். கோல் எங்கே மோதுகிறது, எங்கே சுவர் விட்டுப்போகிறது என்று நான் சொல்லச் சொல்ல, கோமதி தட்டச்சு செய்தார். அன்று இரவே யார் வீட்டில் நாளைக்குப் பாவு என்று விசாரித்து அதையும் சேர்த்துவிட்டார்.

இப்படி வீட்டில் ஸ்பீக்கர் வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்களுக்கு மிகவும் பழகிப்போன விஷயத்தைத்தான் எழுத மறப்பீர்கள். அதனால் வெளியூர்க்காரர் ஒருவரை உங்கள் தெருவில் நடக்கவிட்டு, அவர் எங்கே முழிக்கிறார் என்று பார்த்து எழுதுங்கள். மைக்கை நிறுத்தும் பொத்தானை முதலிலேயே காட்டிவிடுங்கள். தங்கப் போகிறவர்கள், தெருவில் பாவு எந்த நேரத்தில் இருக்கும் என்று வந்தவுடன் கேளுங்கள். கார் வைத்திருப்பவர்களும்தான், ஒன்பது மணி வரை வண்டி வெளியே வராது.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு, கோமதி நேரம் குறித்து வைத்திருந்தபடி, ஸ்பீக்கர் தானாகவே பேசியது. "விஜயாக்கா, இன்னிக்கு மூணாவது வூட்டு முன்னாடி பாவு இருக்குது. வலது பக்கம் சுவத்தத் தொட்டுக்கினே போங்க. வண்டிய எல்லாம் எடுத்துட்டாங்க." எனக்காகத் தெருவில் இரு சக்கர வண்டிகளைத் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். தம்பி தூங்குகிறான் என்று நினைத்து, சத்தமில்லாமல் இறங்கினேன்.

பத்து எட்டு போனதும் பின்னால் செருப்புச் சத்தம். எட்டு வருடமாக என் பக்கத்தில் நடந்த செருப்பு எனக்குத் தெரியாதா? நான் நின்றால் அதுவும் நின்றது. திரும்பவில்லை, கூப்பிடவும் இல்லை. பாவின் ஓரமாகச் சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தேன். கஞ்சி வாசனையைத் தாண்டிப் பால் வாசனை வந்ததும் கடைக்காரரிடம், "ரெண்டு டீ" என்றேன். பின்னாலிருந்து அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஒன்பதரை பேருந்துக்குத் தம்பி தனியாகக் கிளம்பினான். எனக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. ஆட்டோவில் ஏறும்போது, "நாளைக்கு திருச்சி ஸ்டேஷனுக்கு நான் வரட்டுமா?" என்றான்.

வரேன் என்று அவன் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்னைக் கேட்டான்.