முழங்கால்படியிட முடியாமல் போனபோது

சபை மக்களே, என் முட்டிச் சில்லைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். போன வருஷம் நான் அழுத அழுகை எனக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

முடிச்சூரில் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறேன். லிஃப்ட் கிடையாது. கணவர் இறந்து நான்கு வருஷம். மகள் புனேயில். ஜூன் மாதம் வலது முட்டியில் வலி தொடங்கியது. படி ஏறும்போது பொறுத்துக்கொள்ளலாம். இறங்கும்போது உயிர் போகும்.

டாக்டரிடம் போனேனா? இல்லை. விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டு பிடிவாதம் பிடித்தேன். நாற்பது நாள் பொருத்தனை செய்து, தினமும் காலையில் ஒரு மணி நேரம் வெறும் டைல்ஸ் தரையில் முழங்கால்படியிட்டு, முட்டி வலி போகவேண்டும் என்று ஜெபித்தேன். வலி கூடியது. ஜெபம் போதவில்லை என்று நேரத்தைக் கூட்டினேன். இப்படி ஒரு புத்திசாலியைப் பார்த்திருக்கிறீர்களா?

ஒரு ஞாயிறு இங்கே எல்லோரும் முழங்கால்படியிட்டபோது என்னால் முடியவில்லை. சுவரோரம் தனியாக நின்றேன். யாரோ திரும்பிப் பார்த்தார்கள். விசுவாசம் இல்லாதவள் என்று நினைப்பார்களே என்று கூசிப்போய், வருவதையே நிறுத்திவிட்டேன். ஃபோன் செய்தவர்களிடம் மகள் வீட்டில் இருப்பதாகப் பொய் சொன்னேன். அதனால் யாரும் வரவில்லை. டிவியைத் தவிர வீட்டில் பேச்சுக்குரலே இல்லை.

செப்டம்பரில் ஒரு காலை, பால் வாங்க இறங்கியவள் இரண்டாவது மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை. "ஆண்டவரே, முட்டி எப்படியோ போகட்டும். யாரையாவது அனுப்பும்" என்று வாய்விட்டு அழுதேன்.

எதிர்க் கதவு திறந்தது. பர்வீன். தாம்பரத்தில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். அவள் குடிவந்த ஐந்து மாதத்தில் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப்போய் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். நாற்பது நாள் கதையைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, மண்டி போட்டா மொத்த வெயிட்டும் சில்லு மேலதான் விழும். எங்கம்மாவுக்கும் முட்டி வலிதான். சேர்ல உக்காந்துதான் தொழுவாங்க. அவங்க முட்டி நெலம அல்லாவுக்குத் தெரியாதா?"



அவளே டாக்டரிடம் கூட்டிப்போனாள். எக்ஸ்ரேயில் பெரிய தேய்மானம் இல்லை. தொடைத் தசை பலவீனமானதால் சில்லு சரியான தடத்தில் நகராமல் உரசுகிறதாம். காலை நீட்டித் தொடையை இறுக்கிப் பத்து எண்ணுவது, சின்னப் படியில் ஏறி இறங்குவது என்று பயிற்சி கொடுத்தாள். ஏமாற்றினால் கண்டுபிடித்துவிடுவாள்.

டிசம்பரில் மறுபடி இங்கே வந்து, கடைசி வரிசையில் நாற்காலி போட்டு, உட்கார்ந்தே ஜெபித்தேன். வலி முழுக்கப் போகவில்லை, பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. ஆனால் நான் கேட்டது ஒரு ஆள். கதவைத் திறந்து அனுப்பினார். அவருக்கு ஸ்தோத்திரம். உங்களிடம் பொய் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள்.

கொஞ்ச நாளாக இங்கே வராதவர்கள் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். ஊருக்குப் போயிருக்கிறேன் என்று அவர்கள் சொன்னாலும் நம்பாதீர்கள். எத்தனையாவது மாடி என்று மட்டும் சொல்லுங்கள், மெதுவாக நானே ஏறிப் போய்ப் பார்க்கிறேன்.