பூஜையில் வைத்த பென்சில்

நஞ்சை விழுங்காமலும் உமிழாமலும் மிடற்றிலேயே நிறுத்தி உலகைக் காத்த நீலகண்டப் பெருமானின் திருவடி துணை.

இன்று விஜயதசமி. எழுதத் தொடங்குவோர்க்கு உகந்த நாள். இந்த நன்னாளில் நான் எழுதத் துணிந்தது ஒரு பென்சிலைப் பற்றி.

கூத்தாநல்லூருக்கு வடக்கே, வெண்ணாற்றங்கரையில் எங்கள் ஊர். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கட்டட வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பை முடித்துவிட்டு வேலையின்றி வீட்டில் இருந்தார். அவருடன் படித்த கூத்தாநல்லூர் நண்பர் ஒருவர் முன்னரே துபாய்க்குப் போயிருந்தார். முதல் விடுமுறையில் வந்தபோது அவர் சித்தப்பாவுக்குக் கொண்டுவந்து கொடுத்ததுதான் அந்த மைக்ரோடிப் பென்சில்.

கடைகளில் பிற்காலத்தில் மலிந்த பிளாஸ்டிக் பென்சில்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது முழுதும் கறுப்பு உலோகம். விரல் பிடிக்கும் இடத்தில் நுண்ணிய வரிகள் வெட்டப்பட்டுச் சொரசொரப்பாக இருக்கும். முனையில் ஊசிபோல் ஒரு குழல். தலையை அழுத்தினால் மெல்லிய ஓசையுடன் லெட் மயிரிழை அளவு வெளியே வரும். கனமெல்லாம் முன்பக்கம் இருந்ததால், கையில் எடுத்த உடனேயே அது தானாகத் தாளை நோக்கிச் சாயும். பிளேடால் சீவிச் சீவிக் கட்டை விரலளவு தேய்ந்த பென்சிலில் எழுதிய ஒன்பது வயதுச் சிறுமிக்கு அது கோயில் நகையைப் போலத் தோன்றியது.

"இதுக்குச் சீவுற வேலையே இல்ல பாப்பா. மொதக் கோடும் கடைசிக் கோடும் ஒரே தடிமன். கீழ மட்டும் போட்டுடக் கூடாது. மூக்கு வளைஞ்சா அவ்வளவுதான்" என்பார் சித்தப்பா. தொட மட்டும் விடமாட்டார்.

அந்த ஆண்டு, துபாய்க் கம்பெனி ஒன்று வரைவாளர்களைத் தேர்ந்தெடுக்கச் சென்னைக்கு ஆள் அனுப்பியது. மூன்று மணி நேரத்தில் ஒரு வீட்டின் வரைபடத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். தேர்வு நாள் விஜயதசமிக்கு மறுநாள். இரண்டு ஆண்டுகளாகத் தண்ணீர் சரியாக வராமல் சம்பா பொய்த்திருந்த எங்கள் வீட்டில், அந்த மூன்று மணி நேரத்தைத் தவிர வேறு பேச்சில்லை.

சரஸ்வதி பூஜையன்று பொரி கடலை வாங்கச் சித்தப்பா சைக்கிளில் போயிருந்தார். அம்மா அடுக்களையில் இருந்தாள். நான் பென்சிலை எடுத்தேன். நோட்டின் பின் அட்டையில் ஒரு கோடு, அதனருகே இன்னொரு கோடு. அவர் சொன்னது உண்மை. இரண்டும் ஒரே தடிமன். மூன்றாம் கோட்டில் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. பதறிய கையிலிருந்து பென்சில் நழுவியது. எந்தக் கனத்தை வியந்தேனோ, அந்தக் கனமே அதன் முனையை நேராகச் சிமெண்ட் தரையில் இறக்கியது.

குழல் சற்றே வளைந்திருந்தது. பார்த்தால் தெரியாது. அழுத்தினேன், வந்த லெட் தாளில் பட்டதும் ஒடிந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி ஒடிந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி தோன்றியது. பூஜைக்காக அடுக்கியிருந்த புத்தகங்களின் மேல் அதைக் கிடத்தி, சந்தனமும் குங்குமமும் இட்டு, முனையை ஒரு செவ்வந்திப் பூவால் மறைத்தேன்.

அப்பா பார்த்து நெகிழ்ந்துபோனார். "யாரும் சொல்லாமலே சித்தப்பா பென்சில சாமிகிட்ட வச்சிருக்கு பாரு. இந்த வயசுல என்ன பக்தி."

சித்தப்பா மட்டும் தயங்கினார். "சாயங்காலம் ஒரு பிளான் போட்டுப் பாக்கலாம்னு இருந்தேனே."

"வச்சாச்சு தம்பி. நாளைக்குப் புனர்பூஜை பண்ணித்தான் எடுக்கணும்" என்றாள் அம்மா.

"சரி அண்ணி. சரஸ்வதியே ஒரு பிளான் போட்டுப் பாக்கட்டும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை பேருந்துக்குப் புறப்படும்போது, "வச்ச கையாலயே எடுத்துக் குடு பாப்பா" என்று கை நீட்டினார். சொல் தொண்டைவரை வந்தது. எடுத்துக் கொடுத்தேன். சந்தனத்தைத் துடைக்காமலே கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் திரும்பினார். "சரியா வரலண்ணே" என்றதோடு சரி. வரைவாளராக எடுக்கவில்லை, கட்டட வேலைக்கு ஹெல்பராக வரலாம் என்றார்களாம். அங்கே போய்விட்டால் பிறகு வரைபடப் பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம் என்று அவரே சமாதானம் சொல்லி, தை பிறக்குமுன் விமானம் ஏறினார்.

மாற இயலவில்லை. இரண்டாம் ஆண்டு, ஒரு கட்டடத்தின் ஏழாம் மாடியில் அவர் நின்றிருந்த சாரம் சரிந்தது. இருபத்திரண்டு நாள் கழித்துப் பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள். அப்பா திறக்கவில்லை.

அடுத்த விடுமுறையில் அந்தக் கூத்தாநல்லூர் நண்பர் சித்தப்பாவின் சூட்கேஸைக் கொண்டுவந்தார். இரண்டு சட்டை, எங்கள் கடிதங்கள், அதே கைக்குட்டை. பிரித்தபோது பென்சிலின் வரிகளுக்குள் சந்தனம் காய்ந்து கிடந்தது.

"டெஸ்ட்ல லெட் ஒடிஞ்சுக்கிட்டே இருந்துச்சாம்ண்ணே" என்றார் நண்பர். "பக்கத்துல இருந்தவன்கிட்ட சீவுற பென்சில் வாங்கிப் போட்டிருக்கான். பாதிதான் முடிஞ்சுச்சாம்."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்றார் அப்பா.

"எப்படிச் சொல்லுவான்? பஸ்ல தூங்கிட்டேன், குனியறப்ப பையிலேருந்து விழுந்திருக்கும், என் தப்புதான்னு புலம்புவான். பாப்பா சாமிகிட்ட வச்சு எடுத்துக் குடுத்துச்சு, அதக் காப்பாத்தத் தெரியலன்னு." என்னைப் பார்த்துத் தலையைத் தடவினார். "ஒன்னத்தான் எப்பவும் சொல்லுவான்."

எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிற்று. யாருக்கும் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. பல மாதங்களுக்குப் பின் அன்றுதான் எனக்குப் பசித்தது. இரண்டாம் முறை சோறு கேட்டேன். பிள்ளை தேறிவிட்டது என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டாள்.

செய்யாத பிழையைத் தம் தலையில் சுமந்தபடி ஒருவர் மேலே ஏறி நின்றிருக்கிறார் என்பதும், அதை அவரிடமிருந்து இறக்கி வாங்க எனக்கு இனி வழியில்லை என்பதும், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அந்தச் சிறுமிக்கு விளங்கவில்லை. நாள்தோறும் பதிகம் ஓதும் வாயால் அப்பாவிடமும் அம்மாவிடமும் கடைசிவரை நான் சொல்லவில்லை. இங்குதான் முதன்முறை சொல்கிறேன்.

இதை வாசிக்கும் அனைவரின் குடியும் தழைக்க. அவர்கள் வயலில் நீர் பாய்க. சொல்ல வேண்டியதை, கேட்க வேண்டியவர் இருக்கும்போதே சொல்லும் நா அவர்களுக்கு வாய்க்க.