சந்தேகத்துக்குத் தனி அடுக்கு

பட்டப்படிப்பு முடித்த பிறகும் இரண்டு வருடம் நான் பல்லடம் பக்கம் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில்தான், தைத்து வந்த பீஸ்களில் குறை பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மதிப்பெண் சுமார், ஆங்கிலம் அதைவிடச் சுமார். கோயம்புத்தூர் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு எத்தனை விண்ணப்பம் அனுப்பினாலும் பதில் வராது. கூடப் படித்த நண்பன்தான் சொன்னான்: “நெட்வொர்க்கிங்ல ஒரு சர்டிபிகேட் வாங்கிருடா. அப்பத்தான் கூப்பிட்டாவது பேசுவாங்க.”

பல மாத ஓவர்டைமில் கட்டணத்தைச் சேர்த்துத் தேர்வுக்குப் போனேன். கம்ப்யூட்டர் திரையில் வந்த மூன்றாவது கேள்வியே குழப்பியது. செக்கிங்கில் நல்ல பீஸ் வலப்பக்கம் போகும். குறையுள்ளது அம்பு ஸ்டிக்கர் ஒட்டி இடப்பக்கம். சந்தேகமானதை நடுவில் அடுக்கி வைத்துக் கடைசியில் பார்ப்போம். கை அதற்கே பழகியிருந்தது. சந்தேகமான கேள்விகளையெல்லாம் பதில் குறிக்காமல் தாண்டிப் போனேன். கடைசியில் திரும்பிப் போகப் பார்த்தால் வழியே இல்லை. விட்ட கேள்வி விட்டதுதான் என்று தொடக்கத்திலேயே விதி போட்டிருந்தார்கள். படபடப்பில் நான் படிக்கவில்லை. சில மதிப்பெண்ணில் போய்விட்டது.

மறுநாள் மேசைக்கு எதிரே நிற்கும் சேவூர் அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன கண்ணு, போச்சா?”

“போச்சுங்கக்கா.” நடந்ததைச் சொன்னேன்.

“அடக் கிறுக்கா, பரீச்சையிலயுமா டவுட்டு அடுக்கு வெச்சே!” மேசையே சிரித்தது. அவர் ஓர் அம்பு ஸ்டிக்கரை உரித்து என் சட்டைப்பையில் ஒட்டினார்.

“ரிஜெக்டுங்களாக்கா?”

“ரிஜெக்டெல்லாம் இல்ல சாமி, ஆல்ட்டரு. பிரிச்சுத் தெச்சாச் சரியாப் போயிரும்.”

பிறகு என் நடு அடுக்கை அப்படியே அள்ளித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். “இனி உனக்கு நடு அடுக்கே கெடையாது. கையில எடுத்தீன்னா பாஸா ஆல்ட்டரான்னு சொல்லிப்போட்டுத்தான் அடுத்ததத் தொடோணும்.”

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. நான் எதையாவது நடுவில் வைத்தால் போதும், “ஏனுங் இஞ்சினியரு, அடுக்கு மொளைக்குது!” என்று யாராவது கத்துவார்கள். முதல் வாரம் என் வேகம் பாதியானது. என் பங்கில் தேங்கிய பீஸ்களை அக்காவும் மற்றவர்களும் தங்கள் பக்கம் இழுத்துப் பார்த்துவிடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் கிழிந்த அட்டைப்பெட்டிகளின் மேல் ரவுட்டரும் கேபிளுமாக வரைந்து படித்தேன்.

“இதென்ன கண்ணு, பல்லடம் பஸ் ரூட்டா?”

“கிட்டத்தட்ட அதேதானுங்கக்கா. எந்த வழியில போனா சீக்கிரம் போய்ச் சேரும்னு கண்டுபுடிக்கோணும்.”

“அதுக்கு எதுக்குப் பரீச்சை? கண்டக்டரக் கேட்டாப் போவுது.”

இரண்டாம் முறை ஒவ்வொரு கேள்வியையும் கையில் எடுத்த பீஸ் போலவே முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டேன். தேறிவிட்டேன்.

தபாலில் வந்த சான்றிதழை மேசைக்குக் கொண்டுபோனேன். அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அதில் இருந்த ஆங்கிலத்தை அவரால் படிக்க முடியாது. ஓரம் மடங்காமல், டீ-சர்ட் போடும் பாலித்தீன் பையில் போட்டு ஒட்டித் தந்தார். “பேக்கிங் பண்ணியாச்சு. இனிக் கப்பல் ஏத்தறதுதான் பாக்கி.”

ஒரே மாதத்தில் கோயம்புத்தூரிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. சான்றிதழை அந்தப் பையோடே நீட்டினேன்; பையின் மேல் இருந்த ‘எக்ஸ்எல்’ அளவு ஸ்டிக்கரைப் பார்த்து அதிகாரி சிரித்துவிட்டார். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். செக்கிங்கைப் பற்றிச் சொல்லச் சொல்ல, இடையிடையே நெட்வொர்க்கில் பழுது வந்தால் எங்கே முதலில் பார்ப்பேன் என்று கேட்டுக்கொண்டே போனார். வேலை கிடைத்தது.

அந்தத் தாள் எனக்கு வேலையைக் கற்றுத் தரவில்லை. முதல் வாரமே, எந்தப் புத்தகத்திலும் படிக்காத பழுதுகள் வந்தன. ஆனால் அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தது அதுதான். மூன்று வருடத்தில் அதன் செல்லுபடிக் காலமும் முடிந்துவிட்டது. புதுப்பித்த சான்றிதழ் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. பழையது இன்னும் அந்த எக்ஸ்எல் பையிலேயே, வீட்டு அலமாரியில். பையின் உள்பக்கம் அந்த அம்பு ஸ்டிக்கரையும் ஒட்டி வைத்திருக்கிறேன்.