மர்ம விலங்குக்கு நான் கொடுத்த மூன்று தேதிகள்

சாரல் தொடங்கினால் குற்றாலத்துக்கு வருகிற கூட்டத்தோடு செய்தியாளர்களும் வந்துவிடுகிறார்கள். அருவியில் தண்ணீர் கொட்டுவதையே எத்தனை நாள் காட்டுவது? இந்த ஆனிக் கடைசியில், சுந்தரபாண்டியபுரம் போகும் வழியிலுள்ள ஒரு குளத்தில் இணையச் சேனல் ஒன்றுக்கு 'மர்ம விலங்கு' அகப்பட்டது.

யாரோ கைப்பேசியில் எடுத்த வீடியோ. தண்ணீருக்கு மேல் கறுத்த திமில்கள் வரிசையாக நகர்கின்றன. நீர்நாய்க் குடும்பம் ஒன்றன்பின் ஒன்றாக நீந்தினால் அப்படித்தான் தெரியும். அந்தச் சேனலின் செய்தியாளர் குத்துக்கல்வலசையிலுள்ள என் வீட்டுக்கு வந்தபோது இதைத்தான் சொன்னேன். குளம் பெருகிய நாள், மடை திறந்த நாள், பறவை வந்த நாள் எல்லாம் எழுதி வைப்பவன் நான். நாட்குறிப்புகளில் அதே குளத்தில் நீர்நாய் பார்த்த பதிவுகள் மூன்று இருந்தன. தேதிகளைக் குறித்துக்கொண்டு போனார்.

மறுநாள் செய்தியில் மூன்று தேதிகளும் பிசகாமல் இருந்தன. நீர்நாய் மட்டும் இல்லை. 'ஏற்கெனவே மூன்று முறை தென்பட்ட விலங்கு' என்றார்கள். பக்கத்தில், வெளிநாட்டு ஏரி ஒன்றில் எடுத்ததாகச் சொல்லப்படும் நீள்கழுத்து விலங்கின் படம். அது போலி என்று அதில் பங்குகொண்டவரே ஒப்புக்கொண்டு வெகுகாலமாகிறது. அதைப் படித்துப் பார்க்கக்கூட இவர்களுக்கு நேரமில்லை.

போன் செய்தேன். "தேதி நீங்க குடுத்ததுதானே சார்? நாங்க மாத்தலையே" என்றார். நீர்நாய் என்று போட்டால் யார் பார்ப்பார்கள் என்றும் கேட்டார்.

அந்த வாரமே ஊராட்சியில் குளக்கரையைச் சுற்றிக் கயிறு கட்டி, இறங்கக் கூடாது என்று பலகை வைத்துவிட்டார்கள். லாரி டியூபில் மிதந்து அங்கே தாமரை பறித்துத் தென்காசிப் பூக்கடைகளுக்குக் கொடுக்கும் பெண் என்னைத் தேடி வந்தார். ஆடி முதல் வெள்ளி நெருங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, நீங்கதான் தேதி எழுதிக் குடுத்தியளாமே? அந்த நீர்நாய் எம்பக்கத்துலயே மீனைக் கடிச்சித் தின்னுக்கிட்டுக் கெடக்கும். நான் யார்ட்டப் போயிச் சொல்லுதது? பூவெல்லாம் அங்கன விரிஞ்சு உதிருது."

நாட்குறிப்புகளை எடுத்துக்கொண்டு அவரோடு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் பொறுமையாகப் படித்தார், நம்பவும் செய்தார். நேற்றுகூடத் தானும் அந்த வீடியோவைப் பத்துப் பேருக்கு அனுப்பியதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு? நீர்நாய்தான்னு எழுதிக் குடுத்திருங்க அண்ணாச்சி. கயித்த அவுக்கச் சொல்லுதேன்."

உண்டு என்று ஊரெல்லாம் பரப்பியவரிடம் யாரும் ஒரு கையெழுத்துக் கேட்கவில்லை. இல்லை என்று சொல்ல எனக்கு முகவரியும் கையெழுத்தும் தேவைப்பட்டன. சொந்தப் பொறுப்பில் இறங்குவதாக அந்தப் பெண்ணிடமும் எழுதி வாங்கினார்கள். இத்தனை வருசமாக எந்தக் கடுதாசியும் கொடுத்து அவர் குளத்தில் இறங்கியதில்லை. அதைச் சொல்லிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை காலை கயிற்றை அவிழ்த்தார்கள். நானும் கரையில் நின்றேன். விரிந்த பூக்கள் இதழ் கொட்டி வெறும் காயாக நின்றன. டியூபைத் தள்ளிக்கொண்டு குளத்தைச் சுற்றி வந்தவர், ஒரு கைக்குள் அடங்கும் மொட்டுகளோடு கரையேறினார்.

"வெள்ளிக்கெழமைக்கு இது காணாது, அண்ணாச்சி" என்றார்.